இரத்தத்தில் ஒரு குறி: மார்பகப் புற்றுநோய்ச் சோதனையின் வரலாறு

உடம்பைக் கீறாமலே புற்றுநோயை அறிய வேண்டும் என்ற ஆசை பழையது. 1845-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வியாபாரி, ஆமாம், நம்மைப் போல ஒரு கடைக்காரர்தான், எலும்பு நோவால் படுத்துவிட்டார். அவருடைய சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் சோதனைக்குப் போயிற்று. சூடாக்கினால் கரைந்து, ஆறினால் மறுபடி திரளும் ஒரு விநோதப் பொருளை அவர் அதில் கண்டார். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் அது. இன்றைய 'டியூமர் மார்க்கர்' சோதனைகளுக்கெல்லாம் பாட்டன் இதுதான்.

இடையில் நடந்தவற்றை விட்டு 1965-க்கு வருவோம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர், ஒரே நோயாளியின் பெருங்குடலிலிருந்து கட்டியையும் நல்ல தசையையும் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டியில் மட்டும் இருந்த ஒரு பொருள், கருவிலுள்ள சிசுவின் குடலிலும் இருந்தது. அதுவே சி.இ.ஏ. 1969-இல் அதை இரத்தத்தில் அளக்கவும் வழி பிறந்தது. இனி ஊசி குத்தினாலே நோய் தெரிந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. புகை பிடிப்பவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும் அந்த எண் ஏறியது. ஆரம்பநிலை நோயாளிகள் பலருக்கு ஏறவேயில்லை.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஒரு பொருளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய மட்டும் தயாரிக்க வழி கண்டார்கள். அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை; வியாபாரியான எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்! இருவருக்கும் 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழியில் வந்ததே மார்பகப் புற்றுநோய்க்கான சி.ஏ. 15-3. இதற்கு இரண்டு எதிர்ப்புப் புரதங்கள் வேண்டும். ஒன்று, கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயை வைத்து உருவாக்கப்பட்டது. மற்றொன்று தாய்ப்பாலின் கொழுப்புத் துளிமேல் உள்ள மெல்லிய உறையை வைத்து! இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சோதனை தேடும் பொருள் நல்ல மார்பகத்திலும் சுரப்பது. நோய் முற்றும்போது அது இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே 2007-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி நிதானமாகப் பேசியது. நோயைக் கண்டுபிடிக்கவோ, சிகிச்சை முடிந்து நலமாயிருப்பவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்கவோ இது வேண்டாம். பரவிய நோய்க்கு மருந்து கேட்கிறதா என்று பார்க்க, ஸ்கேனோடும் உடல் பரிசோதனையோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றது. முன்கூட்டி அறிந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். 1994-இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகளில், சிகிச்சை முடிந்த பெண்களுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை.

நம் குடும்பங்களில் இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் பெண்கள் உண்டு. 28 இருந்தது 33 ஆகிவிட்டதே என்பார்கள். முதல் எண் மும்பையில் எடுத்தது, இரண்டாவது லீவுக்கு ஊருக்குப் போனபோது எடுத்தது! லேபுக்கு லேப் கருவியும் மருந்தும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. புது மருந்து தொடங்கிய முதல் நான்கு, ஆறு வாரங்களில் மருந்து வேலை செய்யும்போதேகூட எண் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்குவது உண்டு. ஒரே லேபில் எடுத்த பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் பார்ப்பது ஓர் எண்ணை அல்ல, ஏற்ற இறக்கத்தை.