தொகுதி எண் 139: தலைநகர்ப் பிரதிநிதித்துவ விவாதத்தில் ஸ்ரீரங்கம்

தலைநகர் வாசிகளின் அரசியல் பிரதிநிதித்துவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சட்டப்பேரவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன. தில்லி என்றால் அரசியலமைப்பின் 239-ஏஏ பிரிவு, அதை ஒட்டி 2018, 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். இதே அளவுகோலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துசேர்ந்தார்கள்: 1994இல் பொன்மலையோடு ஸ்ரீரங்கம் நகராட்சியும் மாநகராட்சியில் கரைந்தது, அந்த இழப்பை ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதி ஈடுகட்டிவிட்டது, 2011இல் அத்தொகுதி ஒரு முதலமைச்சரையே தந்தது.

இவ்வாதம் பெரிதும் சாய்ந்து நிற்பது 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறை ஆணையின் மீது. அதில் 139ஆம் எண்ணுக்கு எதிரே ‘ஸ்ரீரங்கம்’ என்றிருப்பதை ஊரின் தனித்தன்மைக்குக் கிடைத்த அங்கீகாரமாக வாசிக்கிறார்கள். பெயருக்குக் கீழே உள்ளதையும் வாசிக்க வேண்டும். மணப்பாறை வட்டத்தின் ஒரு பகுதி, ஸ்ரீரங்கம் வட்டத்தில் காவிரிக்குத் தெற்கே விரியும் கிராமங்கள், சிறுகமணி பேரூராட்சி என்று அட்டவணை ஊர் ஊராக நீள்கிறது. கோயிலும் மதில்களும் உத்தர, சித்திரை வீதிகளும் அடங்கிய தீவு நகரம் அதில் இடம்பெறுவது மாநகராட்சியின் 1 முதல் 6 வரையிலான வார்டுகள் என்ற ஒரே தொடராக. தொகுதிக்குப் பெயர் கொடுத்த ஊர் அதன் ஓரத்தில் கிடக்கிறது.

அதே ஆணையில் அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் உண்டு. எல்லைகள் அனைத்தும் 2004 பிப்ரவரி 15 அன்று இருந்தபடியே கொள்ளப்பட வேண்டும். அன்று மாநகராட்சிக்கு 60 வார்டுகள்; 2011இல் 65 ஆயின; பின்னர் எல்லைகளும் மாறின. ஆக, சட்டமன்ற உறுப்பினருக்கான வார்டு பழையது, மாமன்ற உறுப்பினருக்கான வார்டு புதியது. அட்டவணை எல்லையைத்தான் காட்டும், வாக்காளரின் மனத்தைக் காட்டாது என்பதை மறக்கவில்லை. ஆயினும் இத்தொகுதியைக் கரைந்துபோன நகராட்சிக்கு மாற்றாகக் கொள்ள இடமே இல்லை என்பது என் துணிபு.

தில்லியோடு ஒப்பிடுவதானால் 239-ஏஏவை விட்டு, புது தில்லி நகராட்சி மன்றத்தைப் பார்க்க வேண்டும். (எண்பதுகளில் எம்.ஜி.ஆர். எண்ணியபடி தலைநகர் திருச்சிக்கே வந்திருந்தாலும் அப்பிரிவு இங்கு எட்டியிருக்காது; அது ஒன்றியப் பகுதிக்கு உரியது.) திருச்சி மாநகராட்சிச் சட்டம் வந்த அதே 1994இல்தான் அம்மன்றத்துக்கான சட்டமும் வந்தது. அதன் தலைவர் ஒன்றிய அரசால் நியமிக்கப்படுபவர். மன்றத்துக்கென வார்டுத் தேர்தல் கிடையாது. அப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி வழியாக உள்ளே அமர்கிறார்கள். ஷீலா தீட்சித் 2008இலும், அரவிந்த் கெஜ்ரிவால் 2013, 2015, 2020இலும் புது தில்லித் தொகுதியில் வென்றவர்கள். அப்போது முதலமைச்சரே தொகுதி உறுப்பினராக இருந்தார், ஆனால் தெருவிளக்குக்குக் கேள்வி கேட்க வாக்களித்துத் தேர்ந்த கவுன்சிலர் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு இதைவிட நெருங்கிய இணையை நான் காணவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கென ஒரு கோட்டம் இருக்கிறதே என்பர். கோட்டம் மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவு. தனக்கென வரி விதிக்கும் அதிகாரமோ தனி வரவு செலவுத் திட்டமோ அதற்கு இல்லை. தொகுதிகள் மக்கள்தொகைப்படி அமைகின்றன, அதில் உள்நோக்கம் ஏது என்பது இன்னொரு மறுப்பு. உள்நோக்கம் உண்டென்று நான் சொல்லவே இல்லை.

தொகுதி நகராட்சிக்கு மாற்றாகாது என்பதைக் காண, இரண்டு காலியிடங்களை அருகருகே வைத்தால் போதும். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பால், முதலமைச்சரும் தொகுதி உறுப்பினருமான ஜெயலலிதா தகுதியிழந்தார்; 2015 பிப்ரவரி 13 அன்று இடைத்தேர்தல் நடந்து, எஸ். வளர்மதி வென்றார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் ஆறு மாதக் கெடு காக்கப்பட்டது. திருச்சி மாமன்றத்தின் பதவிக்காலமோ 2016 அக்டோபரில் முடிந்தது. காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவே சொல்கிறது. ஆனால் இடஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை என்று தள்ளிப்போய், வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக 139ஆம் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். தீவின் வார்டுகளுக்குத் தனி அலுவலர்தான் இருந்தார்.