சிப்பாய்க்கு உத்தரவு, குடும்பத்துக்குத் தாள்

கோலார் தங்கவயலின் வரலாறு என்றால் தங்கம், சுரங்கத்தின் ஆழம், நுரையீரல் நோய், வேலைநிறுத்தம் என்று எழுதுவதே வழக்கம். அடியேன் எடுத்துக்கொண்டது வேறு செய்தி. பட்டாளத்துக்காரரின் மனைவி மக்கள் கடல் கடக்க வேண்டி வந்தபோது, தாங்கள் இன்னார் என்பதற்கு எந்தத் தாளைக் காட்டினார்கள்? ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்தில் பிறந்ததல்ல. "அண்ணே, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் குடுங்க" என்று கடைக்கு வந்தவர்களால் பிறந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். படையோடு போகும் சிப்பாய்க்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டதில்லை. முதல் உலகப் போரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ் படையினர் மெசபடோமியா வரை சென்றார்கள். கப்பலேற உத்தரவு ஒன்றே போதும். குடும்பம் ஊரில் இருந்தது. கடவுச்சீட்டு என்ற ஏற்பாடே அந்தப் போருக்குப் பிறகுதான் இந்நாட்டில் நிலைபெற்றது. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது 1920ல்.

அதே 1920ல் வந்த இன்னொன்று துணைப்படைச் சட்டம். அதன் கீழ் நம் வயலிலும் ஒரு பட்டாளம் இருந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே அதில் சேரலாம். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த நாள் தொட்டு அவர்களுக்கு பங்களா, கிளப், தேவாலயம் எல்லாம் அமைந்தன. 1947க்குப் பிறகு அக்குடும்பங்களில் பல இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் புறப்பட்டன. 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி, ஆண்வழி முன்னோர் ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர் என்று காட்டக்கூடியவர்களுக்குப் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது.

பாட்டன் பிறந்ததற்குச் சாட்சி எங்கே? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 1698 முதலாக மதராஸ் பகுதித் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்களே. இங்கே செல் அரித்தாலும் அங்கே படி இருக்கும்.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர் நிலை என்ன? நம்மையும் கம்பெனி தாளில் எழுதத்தான் செய்தது. ஆனால் அது கண்காணிப்பதற்கான தாள். 1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியும். ஆளை அடையாளம் காண அத்தனை அக்கறை. லைன் வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரை எழுதி வைப்பதில் அந்த அக்கறையில் பாதி இருந்திருந்தால் பேரப்பிள்ளைகள் அலைந்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் நம் பிள்ளைகளும் ராணுவத்தில் சேர்ந்தார்கள். நாடும் வெளிநாடுகளுக்குப் பயிற்சிக் குழுக்களை அனுப்பியது. 1950களில் எத்தியோப்பியாவின் ஹரார் ராணுவக் கல்லூரி, 1964ல் நைஜீரியாவின் கடுனா பயிற்சிக் கல்லூரி இரண்டும் இந்திய அதிகாரிகளின் துணையோடு எழுந்தவை. பூட்டானில் 1960களிலிருந்து நம் பயிற்சிக் குழு இருக்கிறது. அங்கே போக இந்தியருக்கு வாக்காளர் அட்டையே போதும். மற்ற நாடென்றால் குடும்பத்துக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும்.

அன்று கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் சர்க்காரின் விருப்பமாக இருந்தது. 1967 ஏப்ரல் 10ஆம் தேதி சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவரில் மூவர் தீர்ப்பு அது. அதன் விளைவே அவ்வாண்டு ஜூனில் வந்த கடவுச்சீட்டுச் சட்டம். உரிமை கிடைத்துவிட்டது. உரியவள் நான்தான் என்று காட்டும் பாரம் மட்டும் குடும்பத்தின் தலையிலேயே தங்கிவிட்டது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் கைக்குழந்தையோடும் நாலு வயது மகனோடும் கடைக்கு வந்தாள். கணவனுக்கு வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் ராணுவப் பிரிவில் எழுத்தர் வேலை. அவன் முன்னே போய்விட்டான். பட்டாளத்தில் கல்யாணமும் பிள்ளைப் பேறும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையில் பதிவாக வேண்டும். அதில் அவள் பெயர் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ரேஷன் கார்டில் வேறு விதம். நம் ஊர் இனிஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு முடிவு செய்ததால் வந்த வினை. மூத்தவனின் பிறப்புச் சான்றில் பெயர்க் கட்டமே காலி!

"நான்தான்னு எத்தனை பேர்கிட்டண்ணே சொல்றது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் 1989க்கு முன் பிறந்தவள். பிறந்த தேதிக்குப் பிரமாணப் பத்திரம் செல்லுபடியாயிற்று. மகன் 26-1-1989க்குப் பின் பிறந்தவன் ஆகையால் அப்போதைய விதிப்படி பிறப்புச் சான்று கட்டாயம். 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பெயரைச் சேர்த்து, பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதி ஆணையைத் திருத்தி, அவள் விமானம் ஏறியபோது ஏழு மாதம் கடந்திருந்தது. கைக்குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. தகப்பன் அதைப் பார்க்கவில்லை.

அந்த விதியை 2016 டிசம்பரில் தளர்த்தினார்கள். 2025ல் செய்த திருத்தப்படி 1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று ஒன்றுதான் ஆதாரம். ஆகவே இது பழங்கதை அல்ல.

எங்கள் சமண மரபில் சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. நூலைப் படியெடுத்துப் பலருக்குக் கொடுப்பது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படி எடுத்து வழங்கினார். அவர் யார் தெரியுமா? சாளுக்கியப் படைத்தலைவன் நாகதேவனின் மனைவி. கணவனைப் போரில் இழந்தவர். ஒரே படியாக இருப்பது அழியும் என்பது ஒரு பட்டாளத்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

தங்கவயலை விட்டு எங்கெங்கோ குடியேறிவிட்ட நம்மவர்க்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஞானஸ்நானச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சுரங்க மருத்துவமனைச் சீட்டு, தாத்தாவின் வேலைப் பதிவு எதையும் குப்பை என்று எறியாதீர்கள். இரண்டு படி எடுங்கள். ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நமக்காக லண்டனில் யாரும் படி எடுத்து வைக்கவில்லை.