அன்னி பெசன்ட்டின் இரு பிள்ளை வழக்குகள்

அன்னி பெசன்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவன அடையாறும் 1916ஆம் ஆண்டின் ஹோம் ரூல் இயக்கமுமே. பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கேள்விக்காக இரு முறை நீதிமன்றப் படியேறியவர் அவர் என்பது பாடநூல்களுக்குள் வருவதில்லை. முதல் முறை, மகளை இழந்த தாயாக. இரண்டாம் முறை, ஒரு தந்தையின் மக்களைத் திருப்பித் தர மறுத்தவராக.

1867இல் பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட்டை மணந்தவர், 1873இல் மணவிலக்குப் பெறாமலே பிரிந்தார். மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் வளர்வதென ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். 1877இல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்டு ஆபாச வழக்குக்கு உள்ளானார். நாத்திகம் பேசி, இத்தகைய நூலையும் பரப்புபவள் மகளை வளர்க்கத் தகாதவள் என்று ஃபிராங்க் முறையிட்டார். 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அதை ஏற்றார். அன்னி அன்போடும் அக்கறையோடும் மகளைப் பேணினார் என்பதை ஒப்புக்கொண்ட அதே நீதிபதி, அவளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். காய்ச்சலால் நலிந்திருந்த எட்டு வயதும் நிரம்பாத குழந்தை, அலறித் திமிற, வலிந்து தூக்கிச் செல்லப்பட்டதை அன்னி 1893இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பிள்ளைகளைப் பார்க்கவும் வழியில்லாமற் போயிற்று. சேர்ந்து வாழும் உரிமை கோரி வழக்காடுவேன் என்று கணவரை எச்சரித்தார் அன்னி. சேர்ந்து வாழ அன்று, பிள்ளைகளைக் காண. ஃபிராங்க் பழைய பிரிவு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அது மனைவியைக் கட்டும், அவள் அவ்வாறு வழக்காடலாகாது என்று 1879இல் தீர்ப்பாயிற்று. மகளைத் தாய்க்கு அளித்த பகுதி செல்லாது. தாயின் வாயை அடைக்கும் பகுதி செல்லும்! ஒரே பத்திரத்துக்கு இரு முகங்கள்.

பின்னர்க் காணும் உரிமை கிடைத்தபோதும் அது சந்திப்புக்குச் சந்திப்பு சச்சரவாகவே முடிந்தது. இழுபறி பிள்ளைகளைச் சிதைப்பதைக் கண்ட அன்னி, அவர்கள் தாமே முடிவெடுக்கும் வயது வரும்வரை காண்பதுமில்லை, கடிதம் எழுதுவதுமில்லை என்று விலகினார். வயது வந்ததும் இருவரும் தாயிடமே வந்தனர்.

இந்தப் பெண்மணிதான் முப்பதாண்டுகள் கழித்துச் சென்னையில் எதிர்வாதியாக நின்றார். 1910 மார்ச்சில் ஜிட்டு நாராயணையா, தாயற்ற தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அன்னியைக் காப்பாளராக்கிக் கையொப்பமிட்டார். 1912இல் அன்னி பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். லெட்பீட்டரோடு அவர்களைப் பழகவிடலாகாது என்பது தந்தையின் கோரிக்கை. அது மீறப்பட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். அன்னி இம்முறையும் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல், மே 26க்குள் பிள்ளைகளை ஒப்படைக்கப் பணித்தார். அக்டோபரில் மேல்முறையீட்டு அமர்வும் அதை உறுதி செய்தது. பிள்ளைகளோ கடலுக்கு அப்பால். லண்டனில் மேல்முறையீடு செய்து ஆணையை நிறுத்திவைக்கும் வசதியும் துணைகளும் அன்னிக்கு இருந்தன. ஓய்வுபெற்ற சிற்றூழியரான நாராயணையாவுக்கு ஏது? 1878இல் தாம் பட்டதை இன்னொருவர் படுவதை அவர் உணர்ந்தாரா என்று கேட்காமல் இருக்க நம்மால் இயலவில்லை. மேபலுக்காக விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் இங்கே அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்பை நீக்கியது. தந்தையே இயற்கைக் காப்பாளர், ஒப்படைத்த பொறுப்பை அவர் திரும்பப் பெறலாம் என்ற நெறியை அது மறுக்கவில்லை. இங்கிலாந்தில் வாழும் இளைஞரை அவர்தம் விருப்பம் அறியாமல் கப்பலேற்றி அனுப்புமாறு அன்னிக்கு ஆணையிட முடியாது என்றது. பிள்ளைகளின் நலனை எடுத்துரைக்க வழக்கில் எவருமில்லை என்பதையும் சுட்டியது. வேண்டுமாயின் இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடலாம் என்றது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது 19. மேபலின் விருப்பத்தை 1878இல் எந்த அவையும் கேட்கவில்லை; கிருஷ்ணமூர்த்தியின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்று ஓர் அவை சொன்னபோது, கேட்க வேண்டிய தேவையே கடந்திருந்தது.