மாயாவியை வரைந்த கை



1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. வில்லியனூரில் முடிவெட்டும் கடை பெஞ்சில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் காற்றில் நகரும். விரல் கணுக்களில் விழுந்த அந்தக் கறுப்பு நிழலைப் பார்த்துப் பார்த்து நோட்டில் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. வரைந்தவர் யாரோ சிவகாசிக்காரர் என்றே நினைத்திருந்தேன்!

பின்னாளில் பாகூரில் கணக்குப் பாடத்தின் நடுவே ஒரு பையனிடமிருந்து மாயாவி புத்தகத்தைப் பறித்தேன். மாலையில் நானே உட்கார்ந்து படித்தேன். அவனிடம் திருப்பித் தரவேயில்லை.

போன மாதம் அவன்தான் போன் செய்தான். "சார், அந்தப் படம் போட்டவர் பேர் தெரியுமா?"

ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். தம்பிகளும் ஓவியர்களே. இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழுக்காக மாயாவியை வரைந்தார். அக்காலத்தில் அங்கே சித்திரக்கதை இதழ்களில் ஓவியர் பெயரைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். அப்படித்தான் பெயரில்லாமலே நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறார். 1995-இல் காலமாகிவிட்டார்.

தம்பி, உன் புத்தகம் என் பரணில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.