ஒத்தவாடைத் தெருவில் இறங்கிய விண்கலம்

‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது 1966 செப்டம்பர் 8. அடுத்த ஜனவரியிலேயே அந்தத் தொடரின் கதைகள் ஏழு, மலிவுப் பதிப்புப் புத்தகமாகக் கடைக்கு வந்துவிட்டன. வெளியிட்டது பான்டம் பதிப்பகம். எழுதியவர் ஜேம்ஸ் பிளிஷ். சாதாரண ஆள் இல்லை. ‘எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ நாவலுக்காக 1959-இல் ஹ்யூகோ விருது வாங்கியவர். அறிவியல் புனைகதையில் விமர்சகராகவும் பேர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் தொலைக்காட்சிக் கதையைச் சிறுகதையாக்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டார் என்றால் காரணம் ஊகிக்க முடியாததல்ல. எழுத்தாளன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

அவர் தொடரைப் பார்த்துவிட்டு எழுதவில்லை. ஸ்டூடியோவிலிருந்து வந்த தட்டச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். படப்பிடிப்பு முடிகிற வரை வசனத்தில் அடித்தல் திருத்தல் நடந்துகொண்டே இருக்கும். பிளிஷ் கைக்குக் கிடைத்ததோ பல சமயம் அதற்கு முந்தைய பிரதி. ஆகவே புத்தகத்தில் ஒரு கதை, திரையில் சற்றே வேறு கதை.

என்னிடம் இருப்பது அந்த வரிசையின் இரண்டாவது தொகுப்பு. அமெரிக்காவில் 1968-இல் வந்தது; என்னுடையது அதன் பிறகு லண்டன் கோர்கி நிறுவனம் அச்சிட்ட பிரதி. எட்டுக் கதைகள். அதில் ‘ஸ்பேஸ் சீட்’ என்ற கதைக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. இருநூறு வருடம் உறைதூக்கத்தில் கிடந்து எழுந்து வரும் சர்வாதிகாரி ஒருவன். திரையில் அவன் பெயர் கான் நூனியன் சிங். வட இந்தியாக்காரன், சீக்கியனாக இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் சொல்லும். நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொந்தல்பான், தலைப்பாகையும் கிடையாது. பிளிஷின் புத்தகத்தில் அவன் சிங்கே இல்லை. சிபால் கான் நூனியன். முந்தைய பிரதியில் இருந்த பெயர் புத்தகத்தில் அப்படியே தங்கிவிட்டது.

அதே தொகுப்பில் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ கதையும் இருக்கிறது. ஹார்லன் எல்லிசன் எழுதிய மூலப் பிரதியைத் தயாரிப்பாளர்கள் பலமுறை மாற்றி எழுத, அவர் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார். ஒளிபரப்பான அத்தியாயத்துக்கு ஹ்யூகோ கிடைத்தது. எல்லிசனின் மூலப் பிரதிக்கு எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது. பிளிஷ் இரண்டையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் நல்லதை எடுத்துச் சேர்த்திருப்பதாக ஓர் அடிக்குறிப்புப் போட்டார். இரு தரப்புச் சண்டையில் பஞ்சாயத்து பண்ணிய புத்தகம் என்று இதைச் சொல்லலாம்.

இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு அன்று ஏன் அவ்வளவு கிராக்கி என்று இன்றைக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் பதிவு செய்கிற கருவி கிடையாது. ஓர் அத்தியாயம் ஓடி முடிந்தால் மறு ஒளிபரப்பு வரும் வரை அது போனதுதான். பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாடாக்களை பி.பி.சி.யே அழித்தது, தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கிடைக்காமலே போயின. அந்தக் கதைகளை டார்கெட் நிறுவனம் சிறு நாவல்களாகப் போட்டது. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் என்றால் புத்தகம்தான்.

நமக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே படம் பார்த்தவர்கள் நாம். ‘பராசக்தி’யின் கதை வசனப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

தொலைக்காட்சியிலிருந்து அச்சுக்குப் போகும் இந்த வழி தமிழில் அதிகம் நடக்கப்படாத வழி. இங்கே ஓட்டம் எதிர்த்திசையில். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகுதான் தூர்தர்ஷனுக்குப் போனது. ஜீனோ என்ற இயந்திர நாயை வாசகர்கள் மனசுக்குள் வளர்த்த பிறகு டிவியில் பார்த்தார்கள். பார்த்ததைவிட வளர்த்ததே நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

என் பிரதியின் பயணத்தை அதன் உடம்பே சொல்லும். பின்னட்டையில் பிரிட்டன் விலை, ஆஸ்திரேலியா விலை, நியூசிலாந்து விலை. இந்திய விலை இல்லை. ஆகவே கப்பலில் கட்டுக்கட்டாக வந்த சரக்கு அல்ல, யாரோ பையில் போட்டுக்கொண்டு வந்தது. உள் அட்டையில் ஜெர்மன் மொழியில் மங்கிய கையெழுத்து. அதற்குக் கீழே காத்மாண்டுப் பழைய புத்தகக் கடை ஒன்றின் ரப்பர் முத்திரை: படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை. லண்டனிலிருந்து இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரைமார்க்கமாகவே காத்மாண்டு வந்த கூட்டத்தில் ஒருவர் கொண்டுவந்திருப்பார் என்பது என் ஊகம். ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் 1979-இல் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. அதற்கு முந்தைய கதையாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குச் சந்துகளும்தான் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். மீன் வறுவல், கல் சிற்பம், தையல் கடை, இதற்கு நடுவில் பழைய புத்தக மாற்றுக் கடை. ஊருக்குத் திரும்புகிறவர் பையைக் குறைக்க ஒன்றைக் கொடுப்பார், புதிதாக வந்தவர் அதை எடுத்துக்கொள்வார். ஸ்வீடிஷ், பிரெஞ்சு, ஹீப்ரு எல்லாம் ஒரே அலமாரியில் கிடக்கும். அங்கேதான் இந்தப் பிரதியை வாங்கினேன்.

“இதெல்லாம் முன்ன கல்பாக்கத்துலேர்ந்து வந்து அள்ளிக்கிட்டுப் போவாங்க சார். இப்ப டூரிஸ்ட்டே போன்லதான் படிக்கிறான்” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. பதினைந்து கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. வேக ஈனுலை 1985 அக்டோபரில் முதல் முறை இயங்கியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறிய ஊர். பகலில் உலையைப் பார்த்துக்கொண்டவர் ராத்திரி விண்கலத்தின் எஞ்சின் கோளாறைப் படித்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதே எண்பதுகளின் நடுவில்தான் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’கை ஒளிபரப்பியது. அமெரிக்காவில் தொடர் 79 அத்தியாயங்களோடு முடிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளிமழைக்கு நடுவே ஸ்பாக் என்ற பாத்திரத்தின் காதைக் கண்டுபிடித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தன். வாராவாரம் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கரன்ட் இருக்க வேண்டும், எதிர் வீட்டு மாமி கதவைத் திறக்க வேண்டும். விட்டுப்போன வாரங்களை நிரப்பியவை மூர் மார்க்கெட்டிலிருந்து அண்ணன்மார்கள் மின்சார ரயிலில் கொண்டுவந்த அட்டை கிழிந்த பிளிஷ் புத்தகங்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அதுவும் நின்றது.

தொடரைப் பார்க்காமல் ஒருவர் எழுதியதைப் பார்க்காமலே நாங்கள் படித்தோம். இந்த வகைப் புத்தகங்களை நகல் என்று இலக்கியக்காரர்கள் ஒதுக்குவது உண்டு. அசல் எங்கள் ஊருக்கு வந்து சேராதபோது எதை எதற்கு நகல் என்பது? எங்களுக்குக் கேப்டன் கிர்க் முதலில் எழுத்தில்தான் பேசினார். டிவியில் வந்தவர் அவரைப் போல நடித்தவர்.

பிளிஷ் 1975-இல் இறந்தார். பிந்தைய தொகுப்புகளில் மனைவி ஜூடித் லாரன்ஸும் மாமியாரும் கைகொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது தொகுப்பு 1977-இல் மனைவியின் பெயரும் சேர்ந்து வந்தது. குடும்பத் தொழிலாகவே ஆகிவிட்டிருந்தது. பிளிஷின் சொந்த நாவல்களுக்கு வந்ததைவிட இவற்றுக்குத்தான் வாசகர் கடிதம் குவிந்தது.

என் பிரதிக்கு இப்போது கடற்காற்றும் வயசும் சேர்ந்து தாள் பழுப்பேறிவிட்டது. முதுகுப் பசை காய்ந்து, திறந்தால் பக்கம் கையோடு வருகிறது. ராமபாணப் பூச்சி முதல் கதையில் நுழைந்து மூன்றாவது கதையில் வெளியேறியிருக்கிறது. செங்கல்பட்டு பைண்டர் தைத்துத் தர ஒப்புக்கொண்டார். புத்தகம் வாங்கிய விலையைவிடக் கூலி அதிகம்.

போன மாதம் அக்கா மகன் அதை எடுத்துப் போனான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், தொடரை போனில் முழுக்கப் பார்த்து முடித்தவன். “மாமா, இதுல கான் பேரே தப்பு” என்று திருப்பிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் ‘ஸ்பேஸ் சீட்’ நெடுக, கான் வருகிற இடமெல்லாம் பென்சிலால் ‘சிங்’ என்று சேர்த்திருக்கிறான். எது முந்தைய பிரதி, எது பிந்தையது என்று உட்காரவைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.