கெட்டிஸ்பர்க் வழக்கறிஞரின் இரண்டு வாதங்கள்

2012இல் வெளியான ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, அடிமைமுறைக்கு எதிராகச் சீறும் முதியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸை நினைவிருக்கும். நாம் இங்கே பேச விரும்புவது அந்த முதியவரை அல்ல. அவருக்குள் முன்பு இருந்த வழக்கறிஞரையும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரையும் பற்றி.

1792இல் வெர்மான்டில் ஏழைக் குடும்பத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்த ஸ்டீவன்ஸ், 1816இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். 1821இல் அவர் வென்ற வழக்கு ஒன்று நம்மைச் சங்கடப்படுத்துகிறது. மேரிலாந்தைச் சேர்ந்த அடிமைப்பெண் சாரிட்டி பட்லர் விடுதலை கோரினார். ஆறு மாதம் பென்சில்வேனியாவில் வைத்திருக்கப்பட்ட அடிமை விடுதலை பெறுவார் என்பது அம்மாநிலச் சட்டம். பலமுறை அழைத்துவரப்பட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறும் என்றது அவர் தரப்பு. தொடர்ந்து தங்கியிருந்தால்தான் செல்லும் என்று உரிமையாளருக்காக வாதிட்டவர் ஸ்டீவன்ஸ். மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. சாரிட்டியும் அவருடைய குழந்தைகளும் அடிமைகளாகவே நீடித்தனர்.

1833இல் மேசானிய எதிர்ப்புக் கட்சியின் சார்பில் ஸ்டீவன்ஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டு அம்மாநிலம் இலவசப் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. வரிக்கு அஞ்சியோரின் எதிர்ப்பு மூண்டது. சட்டத்தை நீக்க மாநில மேலவை வாக்களித்தது. கீழவையில் 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்தார். பிள்ளை இல்லாதவன் பள்ளிக்கு ஏன் வரி தரவேண்டும் என்போருக்கு, குற்றமே செய்யாத உழவனும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வரி தருகிறானே என்றார். ஏழை என்று பெயர் பதிந்தால் மட்டுமே இலவசக் கல்வி என்ற பழைய ஏற்பாடு ஏழைக்குச் சூடுபோடுவதே என்றும் சாடினார். சட்டம் பிழைத்தது.

1837-38இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டிலும் அவர் இருந்தார். புதிய அமைப்பு, வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று குறுக்கியது. அவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். தப்பிவந்த அடிமைகளுக்காகவும் பின்னர் வழக்காடினார்.

பின்னவை முன்னதை அழித்துவிடுமா? அழித்துவிடாது என்றே நாம் கருதுகிறோம். நாட்களை எண்ணி ஒரு தாயைத் திருப்பியனுப்பியதும், வரியை எண்ணியோரிடமிருந்து பள்ளியைக் காத்ததும் ஒரே நாவன்மைதான். வழக்கறிஞராக, இருக்கும் சட்டம் யாருக்குப் பயன்படும் என்று பார்த்தார். சட்டமன்றத்திலோ சட்டம் யாருக்காக இருக்கவேண்டும் என்று கேட்டார்.

1868இல் மறைந்த அவர், நிறம் பார்த்து இடம் மறுக்காத லான்காஸ்டரின் சிறிய மயானம் ஒன்றைத் தாமே தேர்ந்து அங்கே உறங்குகிறார்.