ஓர் அடைமொழிக்காக நடந்த வாதம்

ஸ்பெயின் நாட்டுத் தலைநகராகிய மாட்ரிட்டில் 1995ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பேராளர்கள் கூடினர். மூன்று நாள் நடந்த அக்கூட்டத்தை அலைக்கழித்தது ஓர் அடைமொழி. பூமியின் தட்பவெப்பத்தில் மனிதன் செய்கையால் விளைந்த மாறுதலை எச்சொல்லால் குறிப்பது என்பதே வழக்கு. கேட்டவுடன் நகைப்போர் இருக்கலாம். வகுப்பில் சொற்பொருள் விளக்கும் ஆசிரியர் நகைக்கமாட்டார்.

வழக்கின் வேர் மிகப் பழையது. காற்றில் கரியமிலவாயு இருமடங்கானால் பூமியின் சூடு எவ்வளவு உயரும் என்பதை ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் அர்ரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். 1938இல் காலெண்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், சூடு ஏறத் தொடங்கிவிட்டது என்று இலண்டனில் எடுத்துரைத்தார். நீராவி பற்றிய பொறியியலே அவர் தொழில். வானிலை அறிஞர்கள் அவர் கூற்றை எளிதில் ஏற்கவில்லை. 1958இல் கீலிங் என்பார் ஹாவாய்த் தீவின் மௌனலோவா மலையில் அவ்வாயுவை இடையறாது அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. 1995இல் ஏறக்குறைய 360 பங்கு. வாயு பெருகியது மெய். ஆனால் ஏறிய சூடு அவ்வாயுவின் விளைவே என்று மெய்ப்பிப்பது வேறு. ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 1988இல் அமைந்த தட்பவெப்ப ஆய்வுக் குழு, 1990இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில் அவ்வாறு கூறத் துணியவில்லை.

இரண்டாம் அறிக்கையில் இப்பகுதியை எழுதும் பொறுப்பு பென் சாண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியிடம் வந்தது. அவர் நாடியது கைரேகை பார்ப்பது போன்ற முறை. சூரியனே காரணமாயின் மேல்வளியும் கீழ்வளியும் ஒருங்கே சூடேற வேண்டும். கரியமிலவாயு காரணமாயின் கீழ்வளி சூடேற, மிக உயரத்திலுள்ள வளி குளிர வேண்டும். அளவுகள் பின்னதையே காட்டின.

மாட்ரிட் கூட்டத்தில் சவூதி அரேபியாவும் குவைத்தும் இதனைக் கடுமையாக எதிர்த்தன. சான்று இன்னும் முதிரவில்லை என்பது அவை கூறிய காரணம். அதில் ஒரு சிறு பகுதி உண்மையே எனினும், எண்ணெய் விற்று வாழும் அரசுகளுக்கு வேறு கவலையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அறிக்கையின் சுருக்கத்தை அரசுகள் வரிவரியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஐயங்களைத் தீர்க்கத் தனிக்குழு ஒன்று அமைந்தது. எதிர்ப்பில் முன்னின்ற சவூதிப் பேராளர் எவரும் அதில் வந்தமரவில்லை. 'கணிசமான' என்னும் பொருள்படும் சொல் வலிமை மிகுந்தது என ஒதுக்கப்பட்டது. இறுதியில் குழுவின் தலைவர் பெர்ட் போலின் 'கண்டறியத்தக்க' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை முன்மொழிந்தார். அனைவரும் இசைந்தனர்.

பூசல் அத்துடன் ஓயவில்லை. கூட்டத்தில் எழுந்த கருத்துகளுக்கேற்பச் சாண்டர் தம் பகுதியைத் திருத்தினார், விதியும் அதுவே. ஆனால் எண்ணெய், நிலக்கரி, மோட்டார்த் தொழிலினரின் கூட்டணி ஒன்று, உண்மையை வெட்டியெறிந்தார் எனப் பழி சுமத்தியது. அமெரிக்க அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர் பிரடெரிக் சைட்ஸ் 1996 ஜூனில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அதே குற்றச்சாட்டை எழுதினார். அவர் பௌதிகத்தில் பெரும் பெயர் பெற்றவர். ஆயினும் அறிக்கை தயாரித்தவர்களுள் ஒருவரல்லர். சாண்டரும் அவருடன் நாற்பது விஞ்ஞானிகளும் கையொப்பமிட்டு மறுப்பு எழுத நேர்ந்தது. ஆராய்ச்சிக்கு உரிய காலம் கடிதப் போரில் கழிந்தது.

கரியமிலவாயு தட்பவெப்பத்தை மாற்றக்கூடும் என்னும் அடிப்படை மறுக்கவியலாதது என்று, பழி சுமத்திய கூட்டணியின் சொந்த அறிவியல் ஆலோசகர்களே 1995இல் எழுதிய குறிப்பு 2009இல்தான் வெளிவந்தது. அதற்குள் கூட்டணி 2002இல் கலைந்துவிட்டது. அதன் வேலையும் முடிந்திருந்தது. 1997 ஜூலையில் அமெரிக்க மேலவை, வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத உடன்படிக்கை வேண்டாம் என்று 95 வாக்குகளால், எதிர்ப்பே இன்றித் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோ உடன்படிக்கை உருவாயிற்று; 2001இல் அமெரிக்கா அதனைக் கைவிட்டது.

அடைமொழியோ வளர்ந்துகொண்டே வந்தது. 2001ஆம் ஆண்டு அறிக்கை மனிதனே காரணம் என்பதைப் 'பெரும்பாலும்' என்றது. 2007இல் 'மிகப்பெரும்பாலும்' என்றாயிற்று. 2021இல் 'ஐயத்திற்கிடமின்றி' என்று எழுதினர். அவ்வாண்டில் மௌனலோவா மலையில் அளவு 416 பங்காக இருந்தது.